முனை இல்லாமல் புது ஊசி கிடையாது

இது நடந்து நான்கு வருடம் இருக்கும். திருப்பூரில் ஒரு சந்து மாடியில், கீழே இஸ்திரிக் கடையும் மேலே எங்கள் அலுவலகமுமாக இருந்த ஒரு கட்டடத்தில் ஆரம்பித்தது. அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. பத்தாவது வரை படித்தவன்.

முதலில் என் கூச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ்ஸில் என் ஸ்டாப் வரும்போது "இறங்கணும்" என்று சத்தம் போட எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்குகிற ஸ்டாப் வரை போய், அங்கிருந்து நடந்து திரும்பி வருவேன். கல்யாண போட்டோவில் நான் நிமிர்ந்து பார்ப்பது ஒரே ஒரு படத்தில்தான். அதுவும் போட்டோகிராபர் என் தாடையைப் பிடித்துத் தூக்கிவிட்டு எடுத்தது.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஊசி இன்சார்ஜாக இருந்தேன். வெளியூர் ஆட்களுக்கு அது என்ன வேலை என்று தெரியாது. வெளிநாட்டுக்குப் போகும் துணியில், அதுவும் குழந்தைகள் போடும் துணியில், ஒடிந்த ஊசித் துண்டு ஒன்று போய்விட்டால் மொத்த ஆர்டரும் போச்சு. அதனால் தையல் மெஷினில் ஊசி ஒடிந்தால் டெய்லர் உடனே கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் "லைன் ஸ்டாப்!" என்று கத்துவார். அந்த வரிசையில் எல்லா மெஷினும் நின்றுவிடும். யாரும் எழுந்து நடக்கக் கூடாது. துணியை உதறக் கூடாது. காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தடவி, துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து என்னிடம் கொண்டு வர வேண்டும். நான் அதை ஒட்டவைத்துப் பார்ப்பேன். முழு ஊசி ஆகிவிட்டால் ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி தருவேன். முனை கிடைக்கவில்லை என்றால் புது ஊசி கிடையாது. முதலாளியே வந்து கேட்டாலும் கிடையாது.

எனக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கை மட்டும் நுழையும். வருகிறவர்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகமும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கையைக் காட்டினால் எந்த லைன், எந்த மெஷின் என்று சொல்லிவிடுவேன். ஒரு வருடம் முழுக்க ஒரு முனைகூடத் தொலையவில்லை என்று எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசாகக் கொடுத்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டபோது நான் பாத்ரூமில் ஒளிந்துகொண்டேன். ஹாட்பாக்ஸை என் சார்பில் வாட்ச்மேன் வாங்கினார்.

முதலாளிக்கு வயதாகிவிட்டது. கம்பெனி மகன் கைக்குப் போனது. மகன் அதைக் கல்யாண மண்டபமாக மாற்றினார். மண்டபத்தில் ஊசி இன்சார்ஜுக்கு என்ன வேலை? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஸ்டோர் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். போதைக்காக ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு உதவி செய்கிற இடம் அது. வலி மாத்திரையை வைத்து ஏதோ செய்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் நம் ஊரிலும் வந்துவிட்டது. ஒரே ஊசியை நாலு பேர் போட்டால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். அதனால் கேட்கிறவர்களுக்குப் புது ஊசி கொடுப்பது, ரத்தம் பரிசோதிப்பது, மனம் வந்தவர்களைப் பழக்கத்தை விடும் வைத்தியத்துக்கு அனுப்புவது, இதுதான் அவர்கள் வேலை. எல்லாவற்றையும் மேனேஜர் தெளிவாகத்தான் சொன்னார். பிறகு என் பயோடேட்டாவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இருவத்திரெண்டு வருசம் ஊசி இன்சார்ஜுங்களா? அப்பறம் உங்களுக்கு நாங்க என்னத்தைங்க சொல்லித் தர்றது!"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டார். தெருத்தெருவாகப் போய் இந்த ஆட்களைப் பார்க்கிற களப்பணியாளர் ஒரே ஒருவர்தான், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவரும் தங்கையின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். ஆக அந்த மாதம் ஆபீஸில் நானும், கடகடவென்று சத்தம் போடும் ஒரு ஃபேனும்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. முதல் வேலையாக ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு, ஸ்டோர் ரூம் கதவில் கை நுழைகிற அளவுக்கு ஜன்னல் வெட்டச் சொன்னேன். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நினைத்தாலே எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. பிறகு ஒரு நீள ரிஜிஸ்டர் வாங்கிக் கோடு போட்டேன். தேதி, பெயர், எந்த மெஷின் என்று எழுதிவிட்டு, 'எந்த மெஷின்' என்பதை அடித்து 'எந்த இடம்' என்று மாற்றினேன். கடைசிக் கட்டத்தில், பழைய ஊசி முழுதாக வந்ததா, ஆம் அல்லது இல்லை. செலோடேப் இரண்டு ரோல். ஜன்னலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: 'முனை இல்லாமல் புது ஊசி கிடையாது.'

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். போர்டைப் படித்துவிட்டு வெளியே சிரிக்கிற சத்தம் கேட்டது. ரிஜிஸ்டரில் பதினோரு கையெழுத்து விழுந்தது. அதில் ஒன்பது பேர் பெயர் முருகன். எனக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. கொங்கு நாட்டில் முருகன் என்று பெயர் வைப்பது சகஜம்தானே என்று நினைத்தேன்.

இரண்டாவது நாள் ஜன்னலில் ஒரு கை வந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும், நரம்பு புடைத்த கை. உள்ளங்கையில் ஒரு சிரிஞ்ச், முனை ஒடிந்தது.

"முனை எங்கீங்க?" என்றேன்.

"ஒடைச்சு ஓடையில போட்டுட்டனுங்."

"தேடி எடுத்துட்டு வாங்க."

"ஓடையிலீங்களா?" என்று கேட்டார்.

"ரூல்ஸுங்க" என்றேன். கை பின்னால் போய்விட்டது.

இன்னொரு கை, இளைய கை, அந்த மாதம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வெறும் கை. "பழசு எடுத்துட்டு வர முடியலீங் சார். பாக்கெட்ல வெச்சுட்டு வந்தா வழியில போலீஸ் புடிச்சுக்குவாங்க" என்றார். கம்பெனியில் டெய்லர்கள் சொல்லாத சாக்கா? நான் ரூல்ஸைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். முகத்தைப் பார்க்கவில்லையே, சுலபமாக இருந்தது.

வாரம் போகப் போகக் கூட்டம் குறைந்தது. ஊசி செலவும் குறைந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, முந்தைய மாதம் போனதில் கால்வாசிகூடப் போகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனியில் இப்படிக் குறைந்திருந்தால் இன்னொரு ஹாட்பாக்ஸ் நிச்சயம்.

மேனேஜரும் களப்பணிப் பெண்ணும் திரும்பி வந்த சனிக்கிழமை மீட்டிங் வைத்தார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே எழுந்து நின்று பேசினேன்.

"போன மாசத்தைவிட ஊசி செலவை முக்கால்வாசி கொறைச்சுட்டனுங்க" என்று சொல்லி ரிஜிஸ்டரை விரித்து வைத்தேன். செலோடேப் ஒட்டிய பக்கங்கள் பளபளவென்று இருந்தன.

யாரும் கை தட்டவில்லை. மேனேஜர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ரிஜிஸ்டரைப் பார்த்தார். அந்தப் பெண் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணாச்சி, ஊசி போடுதவன் எண்ணிக்கை கொறையல. ஊசிதான் கொறைஞ்சிருக்கு. அப்போ மீதிப் பேரெல்லாம் எதை வச்சுப் போட்டிருப்பாங்கன்னு நெனைக்கிய?"

நான் விரித்து வைத்த ரிஜிஸ்டரை மூடப் பார்த்தேன்.

அவர் ரிஜிஸ்டரில் 'எந்த இடம்' என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "நீங்களே எழுதி வச்சிருக்கிய பாருங்க. பழைய ஊசியைத் திருப்பிக் கொண்டாந்தவன் எல்லாரும் 'ரூம்', 'வீடு'ன்னு சொல்லியிருக்கான். கதவைச் சாத்திட்டு நிதானமா இருக்க முடியுதவன், தன் ஊசியைத் தனியா வச்சுக்கிடுதான். 'ஓடைப் பக்கம்', 'மூடுன சாயப்பட்டறை'ன்னு சொன்னவன் ஒருத்தனாவது திருப்பிக் கொண்டாந்தானா? அவன்தான் அவசரத்துல இருக்கான். அவனைத்தான் நீங்க வெரட்டி விட்டிருக்கிய."

மேனேஜர் அந்தப் பக்கங்களை அப்படியே கிழித்தார். இடம் எழுதிய ரிஜிஸ்டர் போலீஸ் கையில் கிடைத்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து என்றார். இருபத்திரண்டு வருடத்தில் என் ரிஜிஸ்டரிலிருந்து யாரும் ஒரு பக்கம் கிழித்ததில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. என்கூட வாங்க, காட்டுதேன்" என்றார் அந்தப் பெண்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவருடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஊசிப் பெட்டியைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை. போய்ச் சேர்ந்த பிறகும்கூட.

மூடிக் கிடக்கும் ஒரு பழைய சாயப்பட்டறை. கூரை இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது. பக்கத்து குடோன் வாட்ச்மேன் அரை மணிக்கொரு தரம் சுற்றி வந்து விசிலடித்து விரட்டுவாராம். அதற்குள் எல்லாரும் முடித்துவிட வேண்டும். சந்து வழியாகச் சத்தமில்லாமல் போய் எட்டிப் பார்த்தோம்.

உள்ளே நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு டப்பாவில் ஜிலேபி. ஏதோ பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருந்தது. ஒரே ஒரு சிரிஞ்ச் இருந்தது.

"இன்னிக்கு உங்க புள்ளைக்கு நிச்சயமாயிருக்குது. மொதல்ல நீங்கதானுங்ண்ணா போடோணும்."

"வேண்டாமுங், நான் எப்பவும் கடைசிங்."

"அதெப்படீங்க? ஜிலேபியும் நீங்க வாங்கிட்டு வந்து, கடைசியாவும் நீங்களே நின்னா எங்களுக்கு மரியாதையா இருக்குமுங்களா?"

"சாமி, சொன்னாக் கேளுங். நீங்கெல்லாம் முடிச்சுட்டுக் குடுங்."

"என்னங்ண்ணா, எங்களோட சேர்ந்து சந்தோசப்படறதுக்குக்கூட மனசில்லீங்களா?"

பந்தியில் 'நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க' என்று உபசரிப்பது போலவே ஊசியை உபசரித்துக்கொண்டிருந்தார்கள். மறுக்கிறவர் ஏன் இவ்வளவு மறுக்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரிஞ்சை அவர் கையில் திணித்துவிட்டார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. எழுந்து போனால் அவமரியாதை, போட்டால் என்னவோ நடந்துவிடும் என்பது போல் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. வாயைத் திறந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு பேருக்கு ஒரு ஊசி. நான் கொடுக்காத ஊசிகள் என் ஸ்டோரில் பெட்டி பெட்டியாக அடுக்கி இருக்கின்றன. அந்த நேரத்தில் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அதன் பிறகு நடந்ததை நானாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, என் வாழ்நாளில் வராத ஒரு சத்தம் வந்தது.

"லைன் ஸ்டாப்!"

நான்கு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லாருமே ஏதோ ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்தானே. ஒருவர் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார். ஒருவர் வடநாட்டுக்காரர், அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் லைன் ஸ்டாப் தெரியும். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி இருந்தார். சிரிஞ்ச் வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். விழுந்த வேகத்தில் அது கல்லில் பட்டு ஊசி ஒடிந்தது.

"யாரும் நகரக் கூடாது! முனையைத் தேடுங்க!" என்றேன்.

இதை எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. நான்கு பேரும் குத்தவைத்துத் தரையைப் பார்த்துத் தேட ஆரம்பித்தார்கள். ஜிலேபி டப்பாவைத் தூக்கி அதன் அடியில்கூடப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து விசில் சத்தம். குடோன் வாட்ச்மேன் தடியோடு உள்ளே வந்தார். ஹெல்மெட் போட்ட ஒரு ஆள், ஒரு பெண், தரையில் தவழும் நான்கு பேர். பாவம், அவருக்கு யாரை விரட்டுவது என்றே தெரியவில்லை.

"இங்க என்னங்க நடக்குது?"

"ஊசி முனை ஒடைஞ்சு விழுந்துருச்சுங்க. இன்னும் கெடைக்கலைங்க" என்றேன்.

"அடக் கடவுளே! காந்தம் இல்லீங்களா?" என்று தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடம் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் வேலையில் இருந்த மனிதராம். முனையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். வாயெல்லாம் பல்லாக விரல் நுனியில் தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம்தான் அது என்ன ஊசி என்று அவருக்கு உறைத்தது. முகம் மாறியது. ஆனால் கூடவே உட்கார்ந்து தேடிய மனிதர்களை உடனே எழுந்து விரட்ட அவருக்கும் மனம் வரவில்லை. ஜிலேபியை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெண் பெட்டியைத் திறந்து ஆளுக்குத் தனித்தனியாகப் புது ஊசி கொடுத்தார். வாங்க நீண்ட ஒரு கையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இரண்டு முறை வெறும் கையோடு வந்து நான் திருப்பி அனுப்பிய அதே கை. இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருந்தது. மெஷின் ஊசி ஏறிய விரல். வெளிச்சத்தில் பார்த்தபோது, கம்பெனியில் மூன்றாவது லைன், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின், என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. தாராபுரம் பக்கத்துப் பையன். போன வருடம்தான் கல்யாணமாகியிருந்ததாம்.

"நான் திருப்பி அனுப்பிச்சேனே, அந்த ரெண்டு நாளும் நீங்க என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"இங்கதானுங் சார் வந்தேன். இவங்க வெச்சிருந்ததுல போட்டுக்கிட்டேன். வேற என்ன பண்றது?" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அந்தப் பெண் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். உடனே ஒரு பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று, அப்போதுதான் உறுதியாகத் தெரியும், அதுவரை வீட்டில் மனைவியோடும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் சுவரோரமாக ஹெல்மெட்டோடு நின்றேன்.

திங்கட்கிழமை போர்டைக் கிழித்தேன். பழைய ஊசி கொண்டு வந்தால் பெட்டியில் போடலாம், கொண்டு வராவிட்டாலும் கேட்கிற அளவு புது ஊசி உண்டு என்று ஆனது. ரிஜிஸ்டரில் பெயரும் இல்லை, இடமும் இல்லை. மேனேஜர் வாட்ச்மேனைப் போய்ப் பார்த்துப் பேசினார். அவர் தன் குடோன் பக்கத்திலேயே பழைய ஊசி போட ஒரு மூடிய பெட்டி வைக்கச் சம்மதித்தார். விசிலையும் குறைத்துக்கொண்டார். விசில் குறைந்ததும் அவசரம் குறைந்தது. ஆளுக்கொரு ஊசி வைத்துக்கொள்வதும் தானாகவே கூடியது என்று அந்தப் பெண் சொன்னார்.

அந்த வாரமே ஒரு மத்தியான நேரம், ஜன்னலில், முன்பு முனை ஒடிந்த சிரிஞ்சோடு வந்த அதே நரம்பு புடைத்த கை வந்தது. நான் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு ஜிலேபி வாங்கி வந்த மனிதர். ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க கத்தலீன்னா என்ன பண்ணியிருப்பேன்னே தெரியலீங்."

"ஏனுங்?"

"எனக்கு ரெண்டு வருசமா அந்த வியாதி இருக்குதுங். உங்க ஆபீஸ்ல அந்த அம்மிணிக்கு மட்டும்தான் தெரியும். அவிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ரூல்ஸுங்களாமா."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"நான் கடைசியா நிக்கறது மரியாதைக்கில்லீங். என் ரத்தம் பட்டது அவங்களுக்குப் போயிரக் கூடாதுன்னுதானுங். என் முறை முடிஞ்சதும் முனையை ஒடைச்சு வீசிருவேன், வேற எவனும் எடுத்துப் போட்றக் கூடாதுன்னு."

"அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொன்னா எங்கூட உக்காருவாங்களாங்க? பொண்டாட்டி புள்ளை மச்சான் ஊட்டுல இருக்குது. நிச்சயத்துக்குக்கூட என்னை வாசல்லயே நிக்க வெச்சுத்தான் அனுப்புனாங்க. எனக்குன்னு இருக்கறது அந்த நாலு செவுரும் அந்த மூணு பேரும்தானுங்."

அந்த முனையைத் தேடி எடுத்து வரச் சொல்லித்தானே இவரை ஓடைக்கு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, "அன்னிக்கு முனையைத் தேடச் சொல்லிட்டேன்..." என்று இழுத்தேன்.

"தேடுனனுங்" என்றார்.

"என்னது?"

"நெசமாத்தானுங். ஓடையில எறங்கி அரை மணி நேரம் தேடுனேன். நீங்க அத்தனை கண்டிசனாப் பேசுனீங்களா, எனக்குப் பயமாப் போச்சு."

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சிரித்தோம். கீழே இஸ்திரிக் கடைக்காரர் என்னமோ ஏதோவென்று மேலே ஏறி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். இதை நான் இங்கே எழுதுவது அவர் அனுமதி கொடுத்த பிறகுதான். பேரைப் போடாமல் எழுதுங்க, ஓடையில தேடுனதை மட்டும் விட்டுராதீங்க என்றார்.

அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பரிசோதனை முடிவை ஸ்டோர்காரன் கேட்கக் கூடாது என்பது சட்டம். அந்த ஓவர்லாக் டெய்லர் வரும்போதெல்லாம் "ஒடம்பு நல்லா இருக்குதுங்களா? காய்ச்சல் இல்லீங்களே? சாப்பிட்டீங்களா?" என்று வரிசையாகக் கேட்பேன். ஒரு நாள் அவர், "சார், நீங்க என்னைப் பாக்கறது கெடாயைப் பூசாரி பாக்கற மாதிரியே இருக்குதுங்" என்றார்.

அவருக்கு ஒன்றும் வரக் கூடாது என்று பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். முன்கூட்டியே ஒரு அர்ச்சனை செய்யலாம் என்று பக்கத்து முருகன் கோயிலுக்குப் போனேன். பேர் என்ன என்று அர்ச்சகர் கேட்டார். எனக்கு அவர் நிஜப் பெயர் தெரியாது. ரிஜிஸ்டரில் போட்ட கையெழுத்துதான் தெரியும். "முருகனுங்க" என்றேன். நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். "உங்களுக்கு என்ன உறவு?" என்றார். மூன்றாவது லைன், ஓவர்லாக் என்று வாய் வரை வந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். ஜன்னலுக்கு வராமல் நேராகக் கதவைத் தட்டினார். கையில் மடித்த காகிதம். நான் கேட்கக் கூடாதே, அதனால் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் வேண்டுமென்றே பேசாமல் நின்றார். ஃபேன் கடகடவென்றது.

"கேட்டுருங்க சார், மூச்சு நின்னுரப் போகுது."

"கேக்கக் கூடாதுங்களே."

"சரி, நானே சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்லீங். ரெண்டு கிருமியுமே இல்லீன்னு வந்துருச்சு. அடுத்த வாரத்துல இருந்து பழக்கத்தை விடற அந்த வைத்தியத்துக்குப் போறேன்னு ஊட்ல சத்தியம் பண்ணியிருக்கேன். பாப்போம்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிப்பிடிக்கக் கூச்சம், கை குலுக்கவும் கூச்சம். கையில் கிடைத்த ஊசிப் பெட்டியை முழுசாகத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்தனையும் எதுக்குங் சார்? நான் என்ன எக்ஸ்போர்ட்டா பண்ணப் போறேன்?"

இரண்டு ஊசி மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது படியில் நின்று, "எப்படித் தப்பிச்சேன்னே தெரியலீங் சார். எல்லாம் அந்த முருகன் புண்ணியம்" என்றார்.

எப்படித் தப்பித்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாத விஷயம். பேசாமல் தலையை ஆட்டினேன். என் கூச்சம் உருப்படியாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது அன்று ஒரு நாள்தான்.

பழனிக்கு நடந்து போய்விட்டு வந்தேன். இன்றும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். ஊசி வாங்க யார் வந்தாலும் அவரை உட்காரவைத்து, எங்கே போடுகிறீர்கள், யாரோடு போடுகிறீர்கள், அவசரமா, நிதானமா என்று பேச்சுவாக்கில் கேட்கிறேன். எதையும் எழுதி வைப்பதில்லை. அந்த டெய்லருக்கு நோய் வராததற்குக் காரணம் நான் இல்லை, தன் நோயை வெளியே சொல்ல முடியாமல் எல்லாருக்கும் பின்னால் நின்ற ஒரு மனிதர்தான். ஆனால் வந்திருந்தால், அதற்குக் காரணம் நானாகத்தான் இருந்திருப்பேன் என்பதை ஒவ்வொரு முறை புது ஊசியை எடுத்துக் கொடுக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.